துருப்பிடிக்காத இரும்பும் புரையோடும் எலும்பும்

மும்பைத் தமிழர் வீடுகளில் இன்று எவர்சில்வர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சமையலறைப் பரணில். இன்னொன்று வீட்டு மனிதர்களின் உடம்புக்குள். பாட்டிக்கு முழங்காலில், தாத்தாவுக்கு இடுப்பில், பைக்கில் விழுந்த பேரனுக்குக் காலில். "ராடு வச்சிருக்கு", "பிளேட் போட்டிருக்கு" என்று கல்யாண வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே பேசுகிற அளவுக்கு இது சாதாரணமாகிவிட்டது. அப்படி வைத்த உலோகத்தின்மேல் பாக்டீரியா குடியேறி, எலும்பு சீழ் பிடித்துப்போவது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இலக்கியமும் கல்வெட்டும் எழுத இந்த மலரில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் முதல் சில வாரங்கள்தான் எல்லாம். அவை கைதவறினால் அப்புறம் வருஷக்கணக்கில் அவஸ்தை. வெளிமாநிலத் தமிழர்களாகிய நாமோ சரியாக அந்தச் சில வாரங்களில்தான் "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுக்கலாம்" என்று ரயில் ஏறிவிடுகிறோம்.

நான் மருத்துவன் அல்லன். குலால்வாடியில் முப்பத்தைந்து ஆண்டுகளாக எஃகுத் தகடும் கம்பியும் விற்கிறவன். ஒரு வாடிக்கையாளர் '316எல்' என்ற ரகத்தில் கம்பி கேட்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன், எலும்புக்குள் வைக்கும் சாமானுக்கு என்றார். அன்றிலிருந்து இந்தப் படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. நம் வீட்டுப் பாத்திரம் பெரும்பாலும் 304 ரகம்: சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். 316எல் ரகத்தில் கூடவே 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் உண்டு. 'எல்' என்றால் கரி குறைந்தது, நூற்றில் 0.03 பங்குக்கு மேல் போகாது. உடம்புக்குள் ஓடுவது உப்புத் தண்ணீர் அல்லவா, அதைத் தாங்குவதற்காக இந்தக் கலவை. ராடு, பிளேட் எல்லாம் இதிலோ, டைட்டானியத்தோடு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலவையிலோ செய்வார்கள். முழங்கால் மூட்டு பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம். இடையில் தேயாத பிளாஸ்டிக் ஒரு துண்டு. ஆக, எவர்சில்வர் என்று நான் மேலே சொன்னது பேச்சுக்குத்தான்.

இவை துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், மேற்பரப்பில் தானாகவே உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம். கீறினாலும் திரும்ப மூடிக்கொள்ளும். வியாபாரத்தில் இதை வைத்துத்தான் நாங்கள் பிழைக்கிறோம். ஆனால் எவ்வளவு உசத்தியான உலோகமானாலும் அதற்குள் ரத்தம் ஓடாது. நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில்தான் வருகின்றன. மாத்திரையும் ஊசியும் ரத்தத்தில்தான் வருகின்றன. ரத்தம் போகாத ஓரிடம் உடம்புக்குள் இருந்தால், கிருமிக்கு அது போலீஸ் வராத சந்து.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 1957-இல் எலக், கோனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதர்கள் மேலேயே சோதித்துக் காட்டினார்கள். விருப்பத்துடன் முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். சீழ் பிடிக்கப் பத்து லட்சத்துக்கும் மேலான கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தது. வெறும் நூலுக்கே இப்படி என்றால் ஒரு முழ நீள ராடுக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் என்பது புதிய விருந்தாளி இல்லை. 1880 வாக்கில் ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் கொத்துப் போல இருக்கிறதே என்று கிரேக்கத்தில் 'கொத்து' என்று பேர் வைத்தார். நம்மில் மூன்றில் ஒருவர் மூக்கில் இது சாதுவாகக் குடியிருக்கிறது. ஒரு தொந்தரவும் செய்யாது. உலோகம் உள்ளே போகும்போதுதான் அதன் குணம் மாறுகிறது.

உலோகத்தை உள்ளே வைத்த அந்த நிமிடத்திலிருந்து ஒரு போட்டி தொடங்குகிறது. நம் உடம்பின் செல்கள் அதன்மேல் ஒட்டிப் படரப் பார்க்கின்றன; ஆபரேஷனின்போது எப்படியோ உள்ளே விழுந்துவிட்ட ஒன்றிரண்டு கிருமிகளும் அதே இடத்தைப் பிடிக்கப் பார்க்கின்றன. 1987-இல் அந்தோணி கிரிஸ்டினா என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டார். நமக்குச் சொல்ல வேண்டுமானால் சாயங்காலம் சர்ச்கேட்டில் விரார் லோக்கல் வந்து நிற்கும்போது சீட் பிடிக்கிற மாதிரி. முதலில் உட்கார்ந்தவனை எழுப்ப முடியாது.

கிருமி முந்திவிட்டால் என்ன செய்கிறது? ஒட்டிக்கொண்டு பெருகி, தன்னைச் சுற்றி ஒரு கோழையைச் சுரந்து மூடிக்கொள்கிறது. பல நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுவென்று வருமே, அதுதான். காலையில் பல்லில் படிந்திருக்கும் மாவும் அதே சாதிதான். இதற்கு 'பயோஃபிலிம்' என்று பேர். தமிழில் உயிரிப்படலம் என்கிறார்கள். கனடாவில் பணியாற்றிய காஸ்டர்டன் என்ற விஞ்ஞானி 1978-இல் தொடங்கி இதைப் பற்றி விரிவாக எழுதினார். படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு ஏறக்குறையத் தூக்கத்தில் கிடக்கும். நம் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பலவும் வேகமாக வளரும் கிருமியைத்தான் கொல்லும். தூங்குகிறவனை ஒன்றும் செய்யாது. வெளியே அலையும் கிருமியைக் கொல்லும் அளவைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். அவ்வளவு கொடுத்தால் முதலில் நோயாளியின் சிறுநீரகம் போய்விடும். இந்தப் படலம் மூன்று நான்கு வாரத்தில் முதிர்ந்து கெட்டிப்பட்டுவிடும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு.

அதற்கப்புறம் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. சீழ் தனக்கொரு வழி தேடித் தோல் வரை சுரங்கம் தோண்டுகிறது. இதைத்தான் நம் முன்னோர் 'புரையோடுதல்' என்றார்கள். இன்று ஊழலைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது புண்ணுக்குரிய சொல். புரை என்றால் உட்குழிவு. குற்றம் என்றும் பொருள் உண்டு. மேலே சின்னத் துளை, உள்ளே ஆழம் தெரியாத வழி. இதைவிடச் சரியான சொல் எந்த மருத்துவப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

என் கடையில் சிட்டை எழுதும் தம்பி ஒருவர் தாராவிக்காரர், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சில வருஷங்களுக்கு முன் மழைக்காலத்தில் பைக் சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் கழுவி ராடு வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று, பதினான்காம் நாள் ஊருக்குப் போய்விட்டார். போனில் கேட்டபோது, "முதலாளி, நல்லாத்தான் இருக்கேன், ஒரு ஓரமா சும்மா தண்ணி மாதிரி கசியுது, அவ்வளவுதான்" என்றார். அங்கே பக்கத்து டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், கசிவு நின்றது. பத்து நாளில் திரும்ப வந்தது, வேறு மாத்திரை. உறவுக்கார அம்மா ஒருவர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார். இப்படியே நாலு மாதம். மும்பைக்கு வந்து படம் எடுத்தால் எலும்பு சேரவில்லை, ராடு ஆடிக்கொண்டிருந்தது. ராடை எடுத்து, செத்த எலும்பைச் செதுக்கி, காலைச் சுற்றி வளையக் கம்பி போட்டார்கள். ரஷ்யாவில் குர்கான் என்ற ஊரில் இலிசரோவ் என்பவர் கண்டுபிடித்த முறை அது. நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நாலு தவணையாகத் திருகித் திருகி, இழந்த எலும்பை வளர்க்க வேண்டும். மனிதர் திரும்ப நடக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. இரண்டு பெண்களின் பள்ளிக்கூடப் பீஸ் அந்த ஒன்றரை வருஷத்தில் நகையாகத்தான் போயிற்று.

தோல் கிழிந்த முறிவில் இந்த ஆபத்து மிக அதிகம். தோல் கிழியாத முறிவுக்குக் கம்பி வைத்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கிருமி சேரும். மோசமாகக் கிழிந்து சதை நசுங்கியிருந்தால் நூற்றுக்கு முப்பது வரைகூடப் போகலாம். இந்த விஷயத்தில் உலகத்துக்கே ஒரு வழி சொன்னது நம் கோயம்புத்தூர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரனும் அவர் குழுவினரும் இப்படிப்பட்ட காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க ஒரு மதிப்பெண் முறை வகுத்து 2006-இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தோலுக்கு, எலும்புக்கு, தசை-நரம்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சேதத்தைப் பொறுத்து 1 முதல் 5 வரை. சர்க்கரை நோய், காலதாமதம், சாக்கடை அசுத்தம் போன்றவை இருந்தால் தலைக்கு 2. கூட்டினால் 14-க்குள் வந்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ஐ எட்டினால் கஷ்டம். இடைப்பட்டது டாக்டரின் அனுபவத்துக்கு. அதே மருத்துவமனையில் டாக்டர் ராஜசபாபதியின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவினர் எலும்பு டாக்டர்களோடு முதல் நாளே சேர்ந்து நின்று காயத்தை நல்ல சதையாலும் தோலாலும் சீக்கிரம் மூடுகிறார்கள். திறந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு லாபம்.

இனி மூட்டு மாற்று. 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய் இதே மும்பையில், பிரீச் கேண்டி மருத்துவமனையில், டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத்திடம் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலதுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்கப்புறம்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தைரியம் வந்தது என்பது என் எண்ணம். இந்த ஆபரேஷனில் கிருமி சேர்வது இன்று நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1960-களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றத் தொடங்கியபோது நூற்றுக்கு ஏழு பேருக்கு உள்ளே சீழ் பிடித்தது. ஆபரேஷன் அறையின் காற்றில்தான் கோளாறு என்று சந்தேகித்து, வடிகட்டிய காற்று வீசும் ஒரு தனிக் கூண்டு கட்டி, டாக்டர்களுக்கு உடம்பு முழுக்க மூடும் உடை கொடுத்தார். ஏழு என்பது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. காற்றுக்கும் கிருமிக்கும் உள்ள உறவு மாட்டுங்காக்காரர்களுக்குப் புதிதல்ல. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்து, 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டு, வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று போட்ட தாதர்-மாட்டுங்கா திட்டத்தில்தானே நம் ஆட்கள் வந்து குடியேறினார்கள்!

மூட்டில் கிருமி மூன்று காலத்தில் வரும். மூன்று மாதத்துக்குள் வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் அறையில் சேர்ந்தது. வீக்கம், சிவப்பு, கசிவு, காய்ச்சல் என்று தெரிந்துவிடும். மூன்று மாதம் முதல் இரண்டு வருஷத்துக்குள் வருவது திருட்டுத்தனமானது. அதுவும் பெரும்பாலும் அன்றே சேர்ந்ததுதான். காய்ச்சல் இருக்காது, "வலி மட்டும் போகவே இல்லை" என்பார்கள். அதற்கப்புறம் வருவது பெரும்பாலும் வேறிடத்திலிருந்து ரத்தம் வழியாக வருவது: சொத்தைப்பல், சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சர்க்கரைக்காரர்களின் கால்புண். ஜூலையில் சயான் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தையல் போட்ட இடத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஈரம் இருந்தால், அது வெறும் தண்ணீராக இருந்தாலும், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போக வேண்டும். போகும் முன் எந்த ஆன்டிபயாடிக்கும் விழுங்கக் கூடாது. கடும் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் அது வேறு, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். மற்றபடி மாத்திரை வேண்டாம் என்பதற்குக் காரணம்: மூட்டிலிருந்து நீர் எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, எதற்குச் சாகும் என்று தெரியும். ஆபரேஷனில் ஐந்து இடத்திலாவது சதை எடுத்து, இரண்டிலாவது ஒரே கிருமி வருகிறதா என்று பார்ப்பார்கள். சில கிருமி வளர இரண்டு வாரம் பிடிக்கும். காசநோய்க் கிருமியானால் ஆறு வாரம் வரைகூட. இடையில் நாம் இரண்டு மாத்திரை போட்டிருந்தால் ஒன்றும் வளராது. நோய் இருக்கும், ஆள் அடையாளம் தெரியாது. தொடர்ந்து கசியும் துளையின் வாயில் பஞ்சால் துடைத்து அனுப்பும் சாம்பிளை நம்பாதீர்கள். அதில் வருவது தோலில் திரிகிற கிருமிகள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தால் வந்த இன்னொரு வினை உண்டு. மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2010 மார்ச்சில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கடைசி ஆயுதமான கார்பபெனெம் மருந்துக்கும் அடங்காத 24 கிருமிகளைச் சோதித்ததில் 22-இல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் பெயராக உள்ள ஆய்வு லண்டன் இதழில் வந்தது. சென்னையில் மட்டும் 44. மேலைநாடுகளில் மூட்டில் சேருவது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ்தான். நம் நாட்டில் இந்தக் குடல்வாழ் கிருமிகளும் தாராளமாகச் சேர்கின்றன. 2014 மார்ச் முதல் உயர்ந்த ரக ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று சட்டம். நடைமுறையை நீங்களே அறிவீர்கள்.

சரி, வந்துவிட்டால் என்ன வைத்தியம்? மூன்று நான்கு வாரத்துக்குள் பிடித்துவிட்டால், உலோகம் ஆடாமல் இருந்தால், திறந்து நன்றாகச் சுரண்டிக் கழுவி, இடையில் உள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, மூட்டைக் காப்பாற்றலாம். இங்கே ஒரு பழைய மருந்து கைகொடுக்கிறது: காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், மூத்திரம் சிவப்பாகப் போகுமே, அது. படலத்துக்குள் தூங்கும் ஸ்டெஃபிலோகாக்கஸையும் அது கொல்லும். 1998-இல் ஸ்விட்சர்லாந்தில் ஸிம்மர்லி குழுவினர் நடத்திய சோதனையில், ரிஃபாம்பிசினும் சேர்த்து முழுக்கச் சாப்பிட்ட 12 பேரும் குணமானார்கள். அது இல்லாமல் சாப்பிட்ட 12 பேரில் 7 பேர்தான். ஆனால் அதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும், இன்னொரு மருந்து துணைக்கு வேண்டும். காசநோய் மலிந்த நம் ஊரில் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கொடுக்க வேண்டும்.

காலம் கடந்துவிட்டால் உலோகத்தை எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்டால் தற்காலிக மூட்டு ஒன்று வைத்து, சில வாரம் மருந்து கொடுத்து, கிருமி போனபின் புது மூட்டு வைப்பார்கள். சிமென்டில் மருந்து கலக்கும் யோசனை 1970 வாக்கில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர டாக்டர் புக்ஹோல்ஸிடமிருந்து வந்தது. சிமென்ட் இறுகும்போது சூடாகும்; அந்தச் சூட்டைத் தாங்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்துதான் அதற்கு உதவும். முறிவுக்கு வைத்த ராடாக இருந்தால் வேறு கணக்கு: ராடு ஆடாமல் இருந்தால் எலும்பு சேரும் வரை மருந்தால் கிருமியை அடக்கி வைத்து, சேர்ந்தபின் எடுப்பதும் உண்டு.

"ஊசி போட்டால்தான் கேட்கும்" என்று நம்மவர்கள் அடித்துச் சொல்வார்கள். 2019-இல் இங்கிலாந்தில் எலும்பு, மூட்டுக் கிருமி உள்ள 1054 பேரிடம் நடந்த ஆய்வில், முதல் ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஊசி போட்டவர்களுக்கு எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை. எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். 2021-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், செயற்கை மூட்டுக் கிருமிக்கு 12 வாரம் மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத் தோற்றது. 6 வாரத்தோடு நிறுத்தியவர்களில் 18 பேருக்கு. வலி போனதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு சாதாரண கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்சவிலை வைத்ததை எல்லோரும் கொண்டாடினோம். கிருமி சேர்ந்து இரண்டு ஆபரேஷன் என்றால் மூட்டின் விலை அதில் சின்ன இனம்.

ஆபரேஷனுக்கு முன் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, பீடி சிகரெட்டை விடுவது, சொத்தைப்பல்லைப் பார்த்துக்கொள்வது. முந்தின ராத்திரி வீட்டிலேயே சவரக் கத்தியால் காலை மழித்துக்கொண்டு போவது நம்மிடம் சர்வ சாதாரணம்; வேண்டவே வேண்டாம், அந்தக் கீறல்களில்தான் கிருமி ஏறும். 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் மழிக்கக் கூடாது, அவசியமானால் மெஷினால் கத்தரிக்கலாம் என்றுதான் சொன்னது. மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் இருப்பவர்களுக்கு மூக்குக் களிம்பும் கிருமிநாசினிக் குளியலும் கொடுத்து அந்தக் கிருமியால் வரும் தொற்றைப் பாதிக்கும் கீழே குறைத்ததாக 2010-இல் ஹாலந்தில் ஒரு ஆய்வு வந்தது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றி. ஆறு வாரமாவது மும்பையிலேயே இருங்கள். செம்பூர் ரூமில் இடமில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, தெரியும். ஊரிலிருந்து அக்காவையோ அத்தையையோ இங்கே வரவழைப்பது, இரண்டு ராத்திரி நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், பிறகு கசிவோடு திரும்பி வருவதைவிட மலிவு. போயே தீர வேண்டும் என்றால் ஒரு பிளாஸ்டிக் கவரில் இவற்றைப் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், டாக்டரின் போன் நம்பர், உள்ளே வைத்த சாமானின் பெட்டியிலிருந்து பிய்த்து ஒட்டிய ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரில் கம்பெனி, அளவு, லாட் நம்பர் எல்லாம் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கோப்பிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு கம்பெனி ராடுக்கும் கழற்றும் கருவி வேறு வேறு. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் அவசரமாகத் திறக்க வேண்டி வந்தால் அவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.